கோ ஆட்டத்தில் தேர்ச்சி பெற

கேள்வி: வீட்டிலிருந்தே பயின்று 'கோ' பலகை ஆட்டத்தில் முன்னேற முடியுமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: முடியும். முழுப் பலகையில் 19-க்கு 19 கோடுகள், 361 சந்திப்புகள் உண்டு. பழக 9-க்கு 9 பலகையே போதும். தினமும் செய்ய வேண்டியது 'உயிர்-சாவு' புதிர்கள். சூழப்பட்ட காய்க்கூட்டத்துக்குள் தனித்தனியாக இரண்டு வெற்றிடங்கள், அதாவது இரண்டு 'கண்கள்' அமைந்தால் அதைப் பிடிக்க முடியாது. உள்ளே மூன்று புள்ளிகள் வரிசையாகக் காலியாக இருந்தால் நடுப்புள்ளிதான் உயிர்நாடி: கூட்டத்துக்கு உரியவர் அங்கே வைத்தால் இரண்டு கண்கள் கிடைக்கும், எதிராளி முந்திக்கொண்டால் கூட்டம் சாகும். காயைத் தொடாமல் மனத்திலேயே விடை காண வேண்டும்.

அடுத்தது மறு ஆய்வு. ஆட்டம் முடிந்ததும் காய்கள் விழுந்த வரிசையை நினைவிலிருந்து மீண்டும் அடுக்கி, நிலைமை எங்கே சரிந்தது என்று பார்த்து, வேறென்ன வைத்திருக்கலாம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். கணினியின் தீர்ப்பைப் பிறகு கேட்கலாம்.

கூடிப் பயில்வதன் பலனுக்குத் தமிழ்நாட்டுச் சதுரங்கமே சான்று. 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1972-இல் சென்னையில் டால் சதுரங்க மன்றத்தைத் தொடங்கினார். அங்கே பழகிய விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். கோ பயில்வோருக்கும் உடன் அலச ஒரு துணை அவசியம்.