வளைந்து செல்லும் ஒளி: இரைப்பைக்குள் எட்டிப் பார்த்த கதை

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஒரு சாண் வயிற்றுக்காக மனிதன் படாத பாடு இல்லை என்பார்கள். அந்த ஒரு சாண் வயிற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் காண்பதற்கு அவன் பட்ட பாடும் சிறிதன்று. கலிலியோ தம் தொலைநோக்கியால் வியாழனின் நிலவுகளைக் கண்டது 1610-இல். வாய் வழியே ஒரு குழாயைச் செலுத்தி, உயிருள்ள மனிதனின் இரைப்பையை இன்னொரு மனிதன் எட்டிப் பார்த்ததோ 1868-இல். கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருப்பதைப் பார்த்துவிட்டோம். பல்லிலிருந்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தூரத்தில் தொடங்கும் இரைப்பையைப் பார்க்க மேலும் 258 ஆண்டுகள் ஆயின.

காரணம் எளிது. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். குடல் நேர்கோட்டில் செல்லாது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. வாயிலிருந்து தொண்டைக்கு ஒரு திருப்பம், இரைப்பைக்குள் ஒரு சாய்வு, அதைத் தாண்டினால் முன்சிறுகுடல் பின்னோக்கி மடங்குகிறது. போதாததற்கு உள்ளே கும்மிருட்டு.

1868-இல் இதைத் துணிந்து செய்தவர் ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகர மருத்துவர் அடால்ஃப் குஸ்மால். அவர் தேர்ந்தெடுத்த ஆள் ஒரு நோயாளி அல்லர். வாள் விழுங்கும் வித்தைக்காரர்! தலையை அண்ணாந்து, வாயையும் தொண்டையையும் உணவுக்குழலையும் ஒரே நேர்கோடாக்கிக்கொள்ளத் தெரிந்தவர் அந்தத் தொழில்காரர் ஒருவர்தாமே? நேரான உலோகக் குழாய் உள்ளே சென்றது. ஆனால் வெளியிலிருந்து கண்ணாடியால் திருப்பி அனுப்பிய விளக்கொளி அவ்வளவு ஆழத்துக்குப் போதவில்லை. மேலும், நோயாளிகள் எல்லோரும் வாள் விழுங்கப் பழகியவர்களாக இருக்கமாட்டார்கள் என்ற சிறு இடைஞ்சலும் இருந்தது.

அடுத்த பெரிய அடி 1932-இல். மியூனிக் நகரில் பணியாற்றிய ருடால்ஃப் ஷிண்ட்லர் என்ற மருத்துவர், ஜார்ஜ் வோல்ஃப் என்ற கருவி வல்லுநரோடு சேர்ந்து பாதி வளையும் இரைப்பைநோக்கி ஒன்றை அமைத்தார். மேற்பாதி விறைப்பு, கீழ்ப்பாதியில் வரிசையாகப் பல சிறு வில்லைகள். சற்றே வளைத்தால் ஒரு வில்லையிலிருந்து அடுத்த வில்லைக்கு ஒளி தாவிச் செல்லும். ஏறக்குறைய 30 பாகைக்கு மேல் வளைத்தால் படம் போய்விடும். நுனியில் ஒரு சிறு மின்விளக்கு உண்டு. யூதர் வழியில் வந்த ஷிண்ட்லர் நாஜிகளால் சிறை வைக்கப்பட்டு, 1934-இல் அமெரிக்காவின் சிகாகோ நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் இத்துறை வேரூன்றியது.

இதே மியூனிக் நகரில், அதற்கு ஈராண்டுகள் முன்பு, 1930-இல், ஹைன்ரிக் லாம் என்ற மருத்துவ மாணவர் வேறொரு வழியை முயன்றார். மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, ஒரு முனையில் மின்விளக்கின் எரியும் இழையைக் காட்டி, மறுமுனையில் அதன் உருவத்தைப் படம் பிடித்தார். உருவம் மங்கல்தான், ஆனால் கட்டை வளைத்தபோதும் வந்தது. நாட்டுச் சூழல் அவரையும் வெளியேற்றியது. முயற்சி அப்படியே நின்றது.

கண்ணாடியா வளையும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10 மைக்ரான் தடிமனுள்ள ஓர் இழையை 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டமாக வளைத்தால், அதன் வெளிப்புறம் நீள்வது 2000-இல் ஒரு பங்குதான். கண்ணாடி அதைத் தாங்கும். விரல் தடிமன் கண்ணாடிக் கோலை அப்படி வளைக்க முயன்றால் என்ன ஆகும் என்பதை நம் ஆய்வுக்கூட உதவியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, இழை வளைகிறது. ஒளி ஏன் வெளியே போகவில்லை? முழு அக எதிரொளிப்புதான் காரணம். அடர்மிகு ஊடகத்திலிருந்து அடர்குறை ஊடகத்துக்குச் செல்லும் ஒளி, மாறுநிலைக் கோணத்தைவிட அதிகமான கோணத்தில் எல்லையைத் தொட்டால் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையில் அக்கோணம் ஏறத்தாழ 42 பாகை. இதைத் தேர்வுக்காகப் பலமுறை எழுதியிருக்கிறோம். "முழு" என்ற சொல்லில் எவ்வளவு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது என்பது இக்கட்டுரைக்காகக் கணக்குப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

10 மைக்ரான் இழைக்குள், அச்சுக்கு 15 பாகை சாய்வில் ஓர் ஒளிக்கதிர் செல்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு 37 மைக்ரானுக்கும் ஒருமுறை அது சுவரில் மோதும். ஒரு மீட்டர் நீளத்தைக் கடப்பதற்குள் ஏறக்குறைய 27,000 மோதல்கள்! ஒவ்வொரு மோதலிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி வீணானால், மறுமுனைக்கு வந்து சேர்வது லட்சம் கோடியில் ஏறத்தாழ இரண்டு பங்கு. அதாவது இருட்டு. லட்சத்தில் ஒரு பங்கு மட்டும் வீணானால் முக்கால் பங்கு ஒளி வந்து சேர்ந்துவிடும். எல்லாம் அந்தச் சுவரின் தூய்மையைப் பொறுத்தது. எதிரொளிக்கும்போது ஒளி எல்லையைத் தாண்டி மிக நுண்ணிய தூரம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. அந்த இடத்தில் ஒரு கைரேகை, ஒரு எண்ணெய்த் துளி, பக்கத்து இழையின் தோள் ஆகியவற்றுள் எது பட்டாலும் ஒளி கசிந்துவிடும். இழைகளைக் கட்டாகக் கட்டும்போது அவை ஒன்றையொன்று தொடாமல் எப்படி இருக்கும்?

1954 ஜனவரியில் "நேச்சர்" இதழ் ஒன்றிலேயே இரு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹெரால்ட் ஹாப்கின்ஸும் அவருடைய ஆராய்ச்சி மாணவர் நரீந்தர் சிங் கபானியும் எழுதியது. மற்றது ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரின் வான் ஹீல் எழுதியது. முன்னது வளையும் இழைக்கட்டின் வழியாக நல்ல உருவத்தை அனுப்பிக் காட்டியது. அதன் இழைகளுக்கு மேலுறை இல்லை. பின்னது இழையின் மேல் ஒளிவிலகல் எண் குறைந்த பொருளால் உறை போட்டுவிடு என்றது. உறை போட்டால் எதிரொளிப்பு நடக்கும் எல்லை வெளியுலகின் தொடுதலிலிருந்து தப்பி உள்ளே பத்திரமாக இருக்கும். கபானி பஞ்சாபின் மோகா நகரில் 1926-இல் பிறந்து ஆக்ராவில் பயின்றவர், 2020-இல் மறைந்தார், மறுஆண்டு பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அவரே ஒளியிழையைக் கண்டுபிடித்தார் என்று நம் பொது அறிவு நூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. நம்மவர் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆயினும் லாம், வான் ஹீல், ஹாப்கின்ஸ் ஆகியோரை விட்டுவிட்டுச் சொன்னால் அது பாதிக் கதைதான்.

மீதிக் கதை நம்மைப் போன்ற ஓர் இளங்கலை மாணவருடையது. அந்த 1954 கட்டுரைகளைப் படித்தவர்களுள் ஒருவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, அப்போது அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரைப்பை மருத்துவம் பயின்றுகொண்டிருந்தவர். லண்டன் சென்று ஹாப்கின்ஸையும் கபானியையும் பார்த்துவிட்டுத் திரும்பி, இயற்பியல் பேராசிரியர் வில்பர் பீட்டர்ஸின் உதவியை நாடினார். பீட்டர்ஸ் இழை இழுக்கும் வேலையை லாரன்ஸ் கர்ட்டிஸ் என்ற இளங்கலை மாணவரிடம் கொடுத்தார். உருகிய கண்ணாடியிலிருந்து இழுத்த இழையைச் சுற்றுவதற்கு அவர்கள் உருளையாகப் பயன்படுத்தியது ஓட்ஸ் விற்கும் அட்டை டப்பா. நமது கல்லூரியில் கருவிகள் இல்லை என்று குறைப்படும்போது எனக்கு அந்த டப்பாதான் நினைவுக்கு வருகிறது.

அரக்குப் பூச்சு, பிளாஸ்டிக் பூச்சு என்று பலவும் போட்டுப் பார்த்தார்கள், ஒளி போதவில்லை. கர்ட்டிஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒளிவிலகல் எண் அதிகமான கண்ணாடிக் கோல் ஒன்றை, எண் குறைவான கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, இரண்டையும் சேர்த்து உருக்கி ஒன்றாக இழுத்தால் என்ன? கண்ணாடிக்குக் கண்ணாடியே உறை. பெரியவர்கள் அதில் நம்பிக்கை காட்டவில்லை. மாணவர் செய்தே பார்த்தார். 1956 டிசம்பரில் இழுத்த இழையைப் பிடித்துக்கொண்டு நடைக்கூடத்தில் 40 அடி தூரம் போன பிறகும், இழையின் முனையில் உலையின் ஒளி தெரிந்ததாம். இன்று கடலடியில் ஓடித் தொலைபேசியையும் இணையத்தையும் சுமக்கும் இழைகளும் இதே கண்ணாடிமேல் கண்ணாடி அமைப்பு உடையவைதாம்.

1957 பிப்ரவரியில் ஹிர்ஷோவிட்ஸ் முதலில் தாமே அந்தக் குழாயை விழுங்கினார். சில நாட்களில் ஒரு நோயாளிப் பெண்ணின் முன்சிறுகுடல் புண்ணைப் பார்த்தார். 1960-இல் கருவி விற்பனைக்கு வந்தது.

உருவம் வருவதற்கு இன்னொரு நிபந்தனை உண்டு. உள்முனையில் ஓர் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ, வெளிமுனையிலும் அதே இடத்தில் இருக்கவேண்டும். 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் 10 மைக்ரான் இழைகளை அடுக்கினால் வரிசைக்கு 200, மொத்தம் 40,000. ஒவ்வோர் இழையும் ஒரு புள்ளி ஒளியைச் சுமக்கும். செய்தித்தாள் படத்தைப் போல, புள்ளிகள் சேர்ந்து உருவமாகும். இழைகள் இடம் மாறிவிட்டால் ஒளி வரும், படம் வராது. இதற்கு எளிய வழி, இழையை உருளையில் ஒழுங்காகச் சுற்றி, ஓரிடத்தில் ஒட்டி, ஒட்டிய இடத்தின் நடுவே வெட்டிவிடுவது. இரு முனைகளும் தாமாகவே ஒத்திருக்கும். உள்ளே ஒளியைக் கொண்டுசெல்லும் கட்டுக்கு இந்த ஒழுங்கு தேவையில்லை.

இப்படியொரு பழைய இழைநோக்கியைக் கையில் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குச் சென்ற ஆண்டு கிடைத்தது. என் பெரியம்மாவுக்கு ஒன்றரை ஆண்டாக மேல்வயிற்று எரிச்சல். கடையில் வாங்கிய மாத்திரையும் சோடாவுமாகக் காலம் தள்ளினார். "குழாய் விட்டால் தொண்டை கிழிஞ்சிடும்" என்று தெருவில் யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கு வர மறுத்தார். ஒருநாள் மலம் தார்போலக் கறுத்து வந்தது. உள்ளே இரத்தம் கசிகிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் இணங்கினார். அப்போதும் என்னைத் தனியே அழைத்து, "அந்தக் குழாயில கரண்டு வருமாடா ராசா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஷிண்ட்லர் காலத்தில் நுனியிலேயே மின்விளக்கு இருந்தது, அது சுடும். ஒளியிழை வந்த பின் விளக்கு வெளியே பெட்டிக்குள் போய்விட்டது. "விளக்கு வெளியிலேதான் இருக்கு பெரியம்மா, வெளிச்சம் மட்டும்தான் உள்ள வரும்" என்றேன். இன்றைய கருவிகளில் நுனியில் உள்ள படச்சில்லுக்கு மட்டும் மிகச் சிறிய அளவு மின்சாரம், காப்பிட்ட கம்பியில் செல்கிறது. அதை அப்போது விளக்கப் புகவில்லை.

ஆறு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு, தொண்டையில் மரப்பு மருந்து, இடப்பக்கமாகப் படுக்கை, பல்லிடுக்கில் ஒரு வளையம். பத்து நிமிடத்தில் முடிந்தது. காத்திருந்த நேரத்தில், இயற்பியல் மாணவன் என்று அறிந்த தொழில்நுட்பர், "அப்ப இதை நீங்கதான் தம்பி எனக்குச் சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து ஒதுக்கி வைத்த பழைய கருவியைக் காட்டினார். விரல் தடிமன், ஒரு மீட்டர் நீளம். கைப்பிடியில் இரண்டு சக்கரங்கள். ஒன்றைத் திருப்பினால் நுனி மேலும் கீழும், மற்றதைத் திருப்பினால் இடமும் வலமும் பாம்பின் தலையைப் போலத் திரும்புகிறது. உள்ளே நான்கு கம்பிகள் இழுக்கின்றன. காற்றும் நீரும் செல்ல வழி, உறிஞ்ச வழி, சிறு இடுக்கி நுழைய வழி, எல்லாம் அந்த விரல் தடிமனுக்குள். கண்ணை வைத்துப் பார்த்தேன். சன்னல் கம்பிகள் தேன்கூட்டு வலை போட்டாற்போல் தெரிந்தன, இடையிடையே கரும்புள்ளிகள். ஒவ்வொரு கரும்புள்ளியும் ஓர் உடைந்த இழை. புள்ளிகள் பெருகப் பெருகக் கருவிக்கு வயதாகிறது என்றார்.

அந்த இடுக்கி செல்லும் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. பார்ப்பதைவிடப் பெரிய பயன் அதனால் விளைந்தது என்பது என் எண்ணம். இரைப்பைப் புற்றுநோய் மிகுந்த ஜப்பானில், 1950-இல் மருத்துவர் உஜியும் ஒலிம்பஸ் நிறுவனப் பொறியாளர் சுகியுராவும் இரைப்பைக்குள் செல்லும் சிறு புகைப்படக் கருவியையே செய்திருந்தார்கள். ஆனால் அது குருட்டுப் படம். அறையை இருட்டாக்கி, வயிற்றுத் தோலின் மேல் தெரியும் ஒளியைக் கொண்டு கருவி எங்கிருக்கிறது என்று ஊகித்துப் படமெடுப்பார்கள். இழைநோக்கியோ பார்த்துக்கொண்டே சதைத் துணுக்கைக் கிள்ளி எடுக்க உதவியது. அப்படி எடுத்த துணுக்குகளில்தான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் 1979-இல் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். 1982-இல் பாரி மார்ஷல் அவற்றை வளர்த்தெடுத்தார். குடற்புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்றிருந்த உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். இரைப்பை அழற்சி வந்ததை உள்நோக்கிப் பரிசோதனையே காட்டியது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. என் பெரியம்மாவின் துணுக்கிலும் அந்தக் கிருமி இருந்தது. பதினான்கு நாள் மாத்திரையில் புண் ஆறிவிட்டது. முன்பெல்லாம் இத்தகைய புண்ணுக்கு இரைப்பையின் ஒரு பகுதியையே அறுத்து எடுப்பதுண்டு.

குறையும் உண்டு. அதே மெல்லிய வழிதான் கழுவுவதற்கு மிகக் கடினம். கருவியைக் கொதிக்க வைக்க முடியாது; ஒட்டுகள் தாங்கா. தூரிகை விட்டுத் தேய்த்து, பின் கிருமிக்கொல்லிக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில், பித்தநாளத்தைப் பார்க்கும் கருவிகளின் நுனியில் தங்கிய கிருமிகள் நோயாளிகளுக்குத் தொற்றின. அதன் பிறகு கழற்றி எறியக்கூடிய நுனிகள் வந்துள்ளன.

1983-இல் வெல்ச் ஆலின் என்ற அமெரிக்க நிறுவனம் நுனியிலேயே படச்சில்லைப் பொருத்தியது. உருவத்தைச் சுமக்கும் இழைக்கட்டுக்கு வேலை குறைந்தது. மருத்துவர் கண்ணை இடுக்கிப் பார்த்தது போய், அறையில் உள்ளவர்கள் எல்லாரும் திரையில் பார்க்கிறார்கள். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விழுங்கும் மாத்திரைக் கருவி, குழாய் எட்டாத சிறுகுடலின் நடுப்பகுதியையும் படமெடுக்கிறது. ஆனால் அதனால் துணுக்கைக் கிள்ள முடியாது. ஆகவே குழாய் போகவில்லை. அக்குழாய்களில் பெரும்பாலானவற்றில் வெளிவிளக்கின் ஒளியை உள்ளே கொண்டுசெல்வது, உறை போட்ட கண்ணாடி இழைதான்.