நாற்பது வயதுக்குப் பின் சேமிப்புக் கணக்கை இடம் மாற்றுதல்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளையோ மருமகனோ சகோதரமோ ஒருவராவது பிரித்தானியாவில் இருக்கின்றார். கிணற்றைத் துப்புரவாக்கவும், கூரை போடவும், பத்தை மண்டிய காணியை வெளியாக்கவும் அவர்களிடமே உதவி கேட்கின்றோம். "காசு கணக்கிலே கிடக்குது, ஆனால் எடுக்க ஏலாது" என்று அவர்கள் சொல்லும்போது நமக்கு மனத்தாங்கல் வருகின்றது. உண்மையாகவே அப்படியொரு கணக்கு அங்கே உண்டு. அதன் விதிகளை இரண்டு பக்கத்தாரும் அறிந்திருந்தால் பல பிணக்குகள் எழமாட்டா.

அதன் பெயர் லைப்டைம் ஐசா. 2017 ஏப்ரல் 6இல் தொடங்கப்பட்டது. பிரித்தானியாவில் வசிக்கும் 18 வயது நிரம்பிய, 40 வயதாகாத ஒருவர் இதைத் திறக்கலாம். ஆண்டொன்றுக்கு 4,000 பவுண் வரை போடலாம். போடும் தொகையில் 25 சதவீதத்தை, அதாவது ஆண்டுக்கு ஆகக்கூடியது 1,000 பவுணை, அரசாங்கம் மேலதிகமாகச் சேர்க்கும். கணக்கில் வரும் வட்டிக்கோ இலாபத்துக்கோ அந்நாட்டில் வரியில்லை. 50 வயதாகும்வரை காசு போடலாம். அதன்பின் போட முடியாது, அரசின் பங்கும் வராது. ஆனால் உள்ளே இருப்பது வளர்ந்துகொண்டே இருக்கும்.

தண்டமின்றி எடுப்பதற்கு மூன்றே வழிகள். 450,000 பவுணுக்கு மேற்படாத முதல் வீட்டை வாங்குவது ஒன்று. முதற் காசு போட்டு 12 மாதமாவது கழிந்திருக்க வேண்டும். 60 வயதை அடைவது மற்றது. மூன்றாவது, பன்னிரண்டு மாதத்துக்குள் உயிர் போய்விடும் என்று வைத்தியர்கள் சொல்லும் நோய். கணக்குக்காரர் இறந்துவிட்டாலும் தண்டம் இல்லை. பணம் அவரது மரணச் சொத்தோடு சேரும்.

மற்ற எந்தக் காரணத்துக்காக எடுத்தாலும் எடுக்கும் தொகையில் 25 சதவீதம் வெட்டப்படும். அரசாங்கம் தந்ததைத் திருப்பி எடுக்கிறது, அவ்வளவுதானே என்று பலர் எண்ணுகின்றார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் நான்கு ஆண்டுகள் 4,000 பவுண் வீதம் 16,000 போட்டார். அரசு 4,000 சேர்த்தது. வட்டியை விட்டால் மொத்தம் 20,000. இதை எடுத்தால் வெட்டு 5,000. கைக்கு வருவது 15,000. தன் உழைப்பிலேயே 1,000 பவுண் போய்விட்டது. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் 6 முதல் 2021 ஏப்ரல் 5 வரை மட்டும், இந்த வெட்டு 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. அது முடிந்த கதை.

இனி நாற்பது வயதுப் பிரச்சினைக்கு வருவோம். நாற்பது தாண்டியவர், தம் கணக்கிருக்கும் நிறுவனம் வட்டி குறைவாகத் தருவதையோ கட்டணம் அதிகம் எடுப்பதையோ காண்கின்றார். வேறு நிறுவனத்துக்குப் போகலாம் என்றால், "புதுக் கணக்கு 40 வயதுக்குக் கீழானவர்களுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறது. இனி வழியில்லை என்று சிலர் விட்டுவிடுகின்றார்கள். அது பிழை. வயதெல்லை புதிதாகத் தொடங்குபவருக்கே உரியது. 40க்கு முன் கணக்கைத் தொடங்கி முதற் காசையும் போட்டுவிட்டவர், அதன்பின் எந்த வயதிலும் அதை வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம். 50 தாண்டியவருக்கும் இது பொருந்தும். மாறும் தொகை புதிய சேமிப்பாகக் கொள்ளப்படாது, ஆகவே ஆண்டுக்கு 4,000 என்ற எல்லையையும் தொடாது.

ஆனால் மாற்றும் முறையில்தான் ஆபத்து இருக்கின்றது. மிளகாய்க் கன்றை நாற்றுமேடையிலிருந்து எடுக்கும்போது வேரோடும் ஈர மண்ணோடும் எடுத்து உடனே நடுகின்றோம். வேரை உதறி வெயிலில் போட்டுவிட்டு மறுநாள் நட்டால் பிழைக்காது. அதுபோல இந்தக் காசு கணக்குக்காரரின் கைக்கோ அவரது சாதாரண வங்கிக் கணக்குக்கோ ஒருபோதும் வரக்கூடாது. வந்தால் அது "எடுத்தல்" ஆகிவிடும். 25 சதவீதம் போய்விடும். கணக்கை மூடிவிட்டால் நாற்பது தாண்டியவர் இன்னொன்றைத் திறக்கவும் முடியாது. 50 வயதுவரை ஆண்டுதோறும் வரக்கூடிய 1,000 பவுணும் அதோடு போயிற்று.

சரியான முறை இது: முதலில் போக விரும்பும் புதிய நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பழைய நிறுவனம் விட மறுக்க முடியாது. புதிய நிறுவனமோ ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகையால், "எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, பழைய லைப்டைம் ஐசாவை மாற்ற வருகிறேன், ஏற்பீர்களா?" என்று வெளிப்படையாகக் கேட்பதே நல்லது. ஆம் என்றால் அவர்களுடைய மாற்றப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். மிகுதியை இரண்டு நிறுவனங்களும் தமக்குள் பார்த்துக்கொள்ளும். காசுக் கணக்கிலிருந்து காசுக் கணக்குக்கு 15 வேலை நாட்களுக்கு மேல் ஆகக்கூடாது. பங்குமுதல் சார்ந்ததற்கு 30 நாட்கள். தாமதித்தால் நிறுவனத்திடம் முறையிடலாம், அதிலும் தீராவிட்டால் அந்நாட்டு நிதிக் குறைகேள் சேவை இருக்கின்றது.

லைப்டைம் ஐசா இன்னொரு லைப்டைம் ஐசாவுக்கே போகவேண்டும். 60 வயதுக்கு முன் சாதாரண ஐசாவுக்கு மாற்றினாலும் அதே வெட்டு விழும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் படிவத்தில் தவறான கட்டத்தில் அடையாளமிட இடமுண்டு. பழைய நிறுவனம் வெளியேறும் கட்டணம் அறவிடுமா, வரவேண்டிய அரச பங்கு வந்துவிட்டதா என்பவற்றையும் முன்கூட்டியே பார்ப்பது நன்று.

எங்கள் எண்ணம் என்னவெனில், மாதாமாதம் ஊருக்குக் காசு அனுப்பும் பிள்ளை தன் சேமிப்பு முழுவதையும் இக்கணக்கில் பூட்டி வைப்பது உசிதமல்ல. அவசரத்துக்கென எந்நேரமும் எடுக்கக்கூடிய கணக்கொன்று தனியாக இருக்கட்டும். நாமும் கூரைக்கோ கிணற்றுக்கோ கேட்கும்போது அந்தக் கணக்கை மனதில் வைத்தே கேட்போம். வெட்டு விழும் கணக்கிலிருந்து 15,000 பவுண் நம் கைக்கு வர, பிள்ளை 20,000 பவுணை இழக்கின்றான். வட்டிக்குக் கடன்படுவதிலும் இது மோசமாகலாம்.

பெற்றோர் பெயரைக் கணக்கில் சேர்க்கலாமா என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. முடியாது. அது ஒருவருக்கே உரிய கணக்கு. பிரித்தானியாவை விட்டு ஊரோடு வந்து வாழ விரும்புபவர் கணக்கை அங்கேயே வைத்திருக்கலாம். வதிவிடம் மாறியபின் பொதுவாகப் புதுக்காசு போட முடியாது. தன் முகவரி மாறியதை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். உள்ளே இருப்பதை 60 வயதில் வெட்டின்றி எடுத்துக்கொள்ளலாம்.