இருசில்லு உழவு யந்திரத்தின் பற்சில்லுப் பெட்டிக்கு எண்ணெய் மாற்றுதல்

இருசில்லு உழவு யந்திரம் வைத்திருக்கும் கமக்காரர்களுட் பலர் எஞ்சினின் எண்ணெயைத் தவணை தவறாது மாற்றுகின்றனர். எஞ்சின் புகை கக்கினாலோ அதன் ஓசை வேறுபட்டாலோ உடனே கவனிக்கின்றனர். ஆனால், எஞ்சினின் வலுவைச் சில்லுகளுக்குக் கொண்டுசெல்லும் பற்சில்லுப் பெட்டி, அதாவது கியர்ப் பெட்டி, வாங்கிய நாளில் ஊற்றிய எண்ணெயுடனேயே பல போகங்களைக் கழித்துவிடுகின்றது. அது புகைவதில்லை, முறையிடுவதுமில்லை. கெடும்போது மட்டும், சேறடிப்பு முடியுமுன்னரே, வயலின் நடுவிற் கெடுகின்றது. சிறுபோகத்துக்குக் குளத்து நீர் திறக்கும் நாள் கூட்டத்தில் முடிவானபின், அது உங்கள் யந்திரத்துக்காகப் பிற்போடப்படமாட்டாது. இரணைமடுவின் கீழாயினும் கட்டுக்கரைக் குளத்தின் கீழாயினும், ஒரு கிழமை பிந்தி விதைத்தவர் கடைசித் தண்ணீருக்கு ஏங்க நேரிடும்.

தெருவில் ஓடும் மோட்டார்க் காரின் கியர்ப் பெட்டியில் எண்ணெய் பல்லாயிரம் மைல் வரை பழுதின்றி இருத்தல் கூடும். வயலில் உழைக்கும் யந்திரத்துக்கு அக்கணக்குப் பொருந்தாது. காரணம் தண்ணீர். சேறடிக்கும்போது அச்சுத்தண்டு சேற்றுநீரில் அமிழ்ந்து சுழல்கின்றது. அத்தண்டு பெட்டியினின்றும் வெளிவரும் இடத்தில், இறப்பர் விளிம்புள்ள ஒயில் சீலே எண்ணெயையும் நீரையும் பிரித்து நிற்கின்றது. சேற்றிலுள்ள மணல் அவ்விளிம்பைத் தேய்க்கும். புல்லும் வைக்கோலும் அறுந்த நைலோன் கயிறும் தண்டிற் சுற்றி அதனைக் கிழிக்கும்.

இதற்கு மேலும் ஒன்றுண்டு. உழைத்துச் சூடேறிய பெட்டியினுள் காற்று விரிந்திருக்கும். அந்நிலையில் யந்திரத்தை வாய்க்காலில் இறக்கிக் கழுவினால், பெட்டி சடுதியாகக் குளிரும். உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கும். தேய்ந்த சீலின் வழியே நீர் உள்ளே உறிஞ்சப்படும். பெட்டியின் மேலுள்ள காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருப்பின் காற்று உட்செல்ல வேறு வழியின்மையால் இது இன்னும் எளிதில் நிகழும். வேலை முடிந்ததும் யந்திரத்தைக் கழுவுதல் நல்ல பழக்கமே. அதனை நன்கு ஆறவிட்டுக் கழுவுதல் அதனினும் நன்று.

எண்ணெயில் நீர் கலந்துள்ளதை அறிவது கடினமன்று. பெட்டியின் அளவுகோலில் ஒட்டிவரும் எண்ணெய் பால்தேநீரின் நிறம் கொண்டிருந்தால் ஐயமே வேண்டாம். ஐயம் இருப்பின், சூடாக்கிய தகரத் துண்டொன்றில் இரண்டொரு துளி விட்டுப் பாருங்கள். நீரற்ற எண்ணெய் அமைதியாகப் பரவும்; நீருள்ளது பொரிந்து வெடிக்கும். முகத்தைச் சற்று விலக்கி வைத்துக்கொள்க. இவ்வாறு கண்டபின், அடுத்த போகத்தில் மாற்றலாம் என்று விட்டுவிடுதல் ஆகாது. பற்களிடையே எண்ணெய்ப் படலம் நில்லாமையால் இரும்பு இரும்போடு உராயும். ‘பெயாரிங்’ எனப்படும் போதிகைகள் துருப்பிடிக்கும். சில லீற்றர் எண்ணெயின் விலை எங்கே, பற்சில்லுகளின் விலை எங்கே!

எந்த எண்ணெய் ஊற்றுவது என்பதற்கு யந்திரத்துடன் வந்த கைந்நூலே முடிவான சொல். பலவற்றுக்கு எஸ்.ஏ.ஈ. 90 கியர் எண்ணெய் கூறப்பட்டிருக்கும். சிலவற்றுக்கு எஞ்சின் எண்ணெயே கூறப்பட்டிருக்கும். இவ்விரு வகைக்கும் இலக்க முறை வேறு. 90 இலக்கக் கியர் எண்ணெய், 40 அல்லது 50 இலக்க எஞ்சின் எண்ணெயின் தடிப்பையே ஏறத்தாழ உடையது. ஆகவே, அது இருமடங்கு தடித்தது என்றெண்ணி டீசல் கலந்து இளக்குவோர் தம் யந்திரத்துக்குத் தாமே கேடு செய்கின்றனர். தகரத்தில் ஜீ.எல். 4, ஜீ.எல். 5 என்னும் குறிகளும் காணப்படும். பெரிய இலக்கம் எல்லாவற்றுக்கும் மேலானது எனக் கொள்ளவேண்டாம். 5இல் கந்தகமும் பொசுபரசும் அடங்கிய சேர்வைகள் மிகுதி. அவற்றுட் சில, பித்தளை, வெண்கல உறுப்புக்களை அரிக்கவல்லன. கைந்நூல் 4 எனக் கூறின் 4ஐயே கேட்டு வாங்குக.

எண்ணெய் மாற்றுவதற்கு முன் யந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டுக. வெதுவெதுப்பான எண்ணெய் எளிதில் வடிவதோடு அடியிலுள்ள அழுக்கையும் கொண்டுவரும். பின் மட்டமான தரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, யந்திரம் சாயாதவாறு முட்டுக் கொடுக்க. இப்போது பலர் மறந்துவிடும் செயல் ஒன்று: எண்ணெய் ஊற்றும் மூடியை முதலிற் கழற்றிப் பார்க்கவேண்டும். அடித் திருகாணியைக் கழற்றி எண்ணெயை எல்லாம் வடித்தபின், மேல் மூடி துருவேறி இறுகியிருப்பதைக் கண்டவர்கள் உளர்! யந்திரம் எண்ணெயின்றி, கடைக்கு ஓட்டிச் செல்லவும் முடியாது நிற்கும். திருகாணிகளுக்குப் பொருத்தமான ஸ்பனரையே பயன்படுத்துக. மூடியைச் சுற்றியுள்ள சேற்றை முன்னரே துடைத்துவிடுக.

வடியும் எண்ணெயை அகன்ற பாத்திரத்தில் ஏந்தி, விரலாற் தடவிப் பார்க்க. மாவைப்போன்ற சாம்பல் நிறப் பொடி தேய்மானத்தின் இயல்பு. விரலில் உறுத்தும் துணுக்குகள் வந்தால் பற்கள் உடைகின்றன; மஞ்சள் மினுக்கம் தெரிந்தால் வெண்கல அல்லது பித்தளை உறுப்பொன்று தேய்கின்றது. இவ்விரண்டிற்கும் புதிய எண்ணெய் மருந்தாகாது, மெக்கானிக்கிடம் காட்டுக. நீர் கலந்திருந்தால் சீலை மாற்றியபின், அதே வகை எண்ணெய் சிறிதளவு ஊற்றி, சுமையின்றிச் சில நிமிடம் ஓட்டி மீண்டும் வடித்துவிட்டே நிரப்புதல் வேண்டும். சீலை மாற்றாது எண்ணெயை மட்டும் மாற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

அடித் திருகாணியின் வளையம் நசிந்திருந்தால் புதிது இடுக. அளவுக்கோடு வரையுமே நிரப்புக. குறைந்தால் மேலுள்ள பற்சில்லுகளும் போதிகைகளும் காயும்; கூடினால் எண்ணெய் நுரைத்துச் சூடேறிச் சீலைத் தள்ளிக்கொண்டு வெளிவரும். முதல் நாள் வேலைக்குப்பின் மட்டத்தை மறுபடியும் பார்க்க. புதிய யந்திரத்தில் முதல் மாற்றத்தைக் கைந்நூல் கூறும் குறுகிய காலத்திலேயே செய்தல் அவசியம். சேற்றில் உழைக்கும் யந்திரத்துக்கு ஒவ்வொரு போகத்தின் சேறடிப்பு முடிந்ததும் மாற்றிவிடுவதே எமது ஆலோசனை.

பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டவேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே குடிநீருக்குச் சேர நெடுநாள் எடுக்காது. மாட்டின் புண்ணுக்குப் பூசும் வழக்கமும் கைவிடத்தக்கது. மூடியுள்ள கலனில் நிரப்பி, பழைய எண்ணெய் சேகரிப்பவரிடம் ஒப்படைக்க. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.