கழுத்தில் கருப்பு: அது அழுக்கல்ல!

இந்த முறை உடல்நலப் பகுதிக்கு என் சொந்தக் கதையையே பாடமாக எழுதுகிறேன்.

நம் பள்ளியில் ரெட்டைச் சடைதான் போட வேண்டும். அதனால் பின்கழுத்து எல்லார் கண்ணிலும் படும். எட்டாம் வகுப்பில் என் கழுத்தைச் சுற்றிக் கருப்புப் பட்டை விழுந்தது. "ஏன்டி, கழுத்துல சோப்பே போட மாட்டியா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் ஆண்டு விழா நடனத்தில்கூட நான் சேரவில்லை.

அம்மாவும் பீர்க்கங்காய் நார், கடலை மாவு, எலுமிச்சைத் தோல் என்று தேய்த்துப் பார்த்தார். தோல் எரிந்து புண்ணானதுதான் மிச்சம்.

பாட்டி மாதாமாதம் சுகர் மாத்திரை வாங்க ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குப் போவார். ஒருநாள் நாங்களும் கூடப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தோம். அவர் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து என் கழுத்தை அழுத்தித் துடைத்தார். பஞ்சை அம்மாவிடம் காட்டினார். வெள்ளையாகவே இருந்தது.

"அழுக்கா இருந்தா இதுல ஒட்டியிருக்கும்மா. இனிமே பொண்ணைத் தேய்க்காதீங்க, திட்டாதீங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாப் வரை என் கையை விடவே இல்லை.

இது என்ன?

இதன் பெயர் 'அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ்'. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வரும். தொட்டால் வெல்வெட் துணி போலத் தடிப்பாக இருக்கும். பிறருக்கு ஒட்டாது.

ஏன் வருகிறது?

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேரும். அதைச் செல்களுக்குள் அனுப்பும் சாவிதான் இன்சுலின். உடல் எடை கூடி, வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால் பூட்டு இறுகிவிடும். உடனே கணையம் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரக்கும். அந்த அதிக இன்சுலின் தோல் செல்களை வேகமாகப் பெருகச் செய்யும். தோல் தடித்துக் கறுக்கும். அதாவது, சர்க்கரை நோய் வரும் முன்பே கழுத்து மணி அடிக்கிறது!

தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, சில மாத்திரைகள், பரம்பரை இவற்றாலும் வரலாம். கவரிங் சங்கிலி அலர்ஜியாலும் கழுத்து கறுக்கும், ஆனால் அது அரிக்கும். பெரியவர்களுக்குத் திடீரென வந்து வேகமாகப் பரவினால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

என் ரத்தம் சொன்னது

வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். எனக்கு 108!

சென்னை கோபாலபுரத்தில் உள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷன், ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் எல்லைக்கோட்டில் என்றது. அது பெரியவர்களின் கணக்கு. நான் 13 வயதிலேயே அந்தக் கோட்டில் நின்றேன்.

செய்யக் கூடாதவை

1. நார், கல், எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும்.
2. கடையில் கேட்டு வாங்கும் 'வெள்ளையாக்கும்' கிரீம் வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், தோல் மெலிந்துவிடும்.

செய்ய வேண்டியவை

1. டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.
2. தினம் ஒரு மணி நேரம் ஓடியாடி விளையாடுங்கள்.
3. கூல்டிரிங்க்ஸைக் குறையுங்கள். 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு டீஸ்பூன்!
4. பட்டினி வேண்டாம். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, காய், சுண்டல், பயறு கூட்டிச் சாப்பிடுங்கள்.
5. டாக்டர் எழுதித் தந்தால் மட்டும் கிரீம் போடுங்கள்.

இப்போது அம்மாவும் நானும் தினமும் சாயங்காலம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் வேகமாக நடக்கிறோம். ஆறு மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் 94. கருப்பு முழுசாகப் போகவில்லை, கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அது மெதுவாகத்தான் போகுமாம். இந்த ஆண்டு விழா நடனத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், ரெட்டைச் சடையோடுதான்!

நண்பர்களே, யார் கழுத்தாவது கறுத்திருந்தால் "குளிச்சியா?" என்று கேட்காதீங்க. "வீட்ல சொல்லி டாக்டரைப் பாரு" என்று காதோடு சொல்லுங்க.



9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி