பொலிஸ் பிடித்தால் என்ன செய்ய வேணும்?



இந்த மாதப் பாடம் கொஞ்சம் பயமானது. ஆனால் படித்து வைத்தால் பயம் குறையும். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டம். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு.

ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கடை வாசலில் நடந்த அடிபாட்டில் அவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். "சொலிசிற்றர் வேணுமா?" என்று பொலிஸ் கேட்டபோது வேண்டாம் என்றிருக்கிறார். காசு கேட்பார்கள் என்று ஒரு பயம், கேட்டால் குற்றவாளி என்று நினைப்பார்கள் என்று இன்னொரு பயம். பிறகு விளங்காத கேள்விக்கெல்லாம் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். தான் சண்டை விலக்கப் போனவர் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சரிப்படுத்த நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அவருக்கு இருந்த உரிமைகள் இவை. பெரும்பாலானவை 1984 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதன் விதிக்கோவையிலும் உள்ளவை.

1. சொலிசிற்றர்: பொலிஸ் நிலையத்தில் முற்றிலும் இலவசம், இரவானாலும் பகலானாலும். அவர் பொலிசின் ஆள் அல்ல. முதலில் வேண்டாம் என்றாலும் பிறகு கேட்கலாம்.

2. மொழிபெயர்ப்பாளர்: இதுவும் இலவசம். "கொஞ்சம் இங்கிலிஷ் தெரியும்" என்று சமாளிக்க வேண்டாம். உரிமைகள் எழுதிய தாளைத் தமிழில் கேளுங்கள். விளங்காத எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

3. வீட்டாருக்கு அறிவித்தல்: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஒருவருக்குச் சொல்லச் சொல்லலாம். பாரதூரமான வழக்குகளில் மட்டும் இதைத் தாமதிக்க முடியும்.

4. மௌனம்: பதில் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இப்போது சொல்லாததைப் பிறகு கோர்ட்டில் சொன்னால், "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்ற கேள்வி வரும். தம்பி மாட்டியது இதில்தான். பேசுவதா, பேசாமல் இருப்பதா என்பதைச் சொலிசிற்றரோடு கதைத்து முடிவெடுங்கள்.

5. நேரம்: குற்றம் சாட்டாமல் பொதுவாக 24 மணித்தியாலம்தான் வைத்திருக்கலாம். பாரதூரமான குற்றமென்றால் உயர் அதிகாரி 36 மணித்தியாலம் வரை நீடிக்கலாம். கோர்ட் அனுமதித்தால் மொத்தம் 96 வரை போகலாம். பயங்கரவாத வழக்குகளுக்கு இதைவிடக் கூடிய காலம் உண்டு.

6. சாப்பாடு, ஓய்வு, வைத்தியம்: 24 மணித்தியாலத்தில் சாதாரணமாக 8 மணித்தியாலம் தொடர்ந்து ஓய்வு தர வேணும். மருந்து எடுப்பவர்களும், ஊரில் சித்திரவதைப்பட்டு பூட்டிய அறையைக் கண்டால் பதறுபவர்களும் அதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். தாதியையோ டொக்டரையோ கேட்கலாம்.

7. தூதரகம்: எங்களில் பலருக்குப் பெரிய பயம் இதுதான். "நான் தஞ்சம் கேட்டிருக்கிறேன்" என்று தடுப்புக்காவல் அதிகாரியிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் அதை ஹோம் ஒஃபிசுக்கு அறிவிக்க வேணும். தூதரகத்துக்கு அறிவிக்க வேண்டுமா இல்லையா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். நீங்களாகத் தூதரகத்தோடு கதைக்க வேணும் என்ற கட்டாயம் இல்லை.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், பெற்றோரோ வேறு பொருத்தமான பெரியவரோ கூட இருக்க வேணும்.

வெளியே விட்டதும் பிணைத் திகதியை எழுதி வையுங்கள். தவறினால் அதுவே தனிக் குற்றம். அன்றைக்கே உங்கள் தஞ்ச வழக்கைப் பார்க்கும் சொலிசிற்றருக்குச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். பிடிபட்டதால் மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

வீட்டுப்பாடம்: இந்த இரண்டு வரியையும் பாடமாக்குங்கள். "ஐ வோண்ட் எ சொலிசிற்றர்." "ஐ நீட் எ தமிழ் இன்ரபிரிற்றர்." கைத்தொலைபேசியைப் பொலிஸ் வாங்கி வைத்துவிடும். அதனால் சொலிசிற்றரின் நம்பரை ஒரு துண்டில் எழுதி பேர்சில் வையுங்கள், மனதிலும் வையுங்கள்.