செவ்வாயில் பனி தேடும் தங்கைக்கு



நீ அனுப்பிய ரேடார் படத்தைப் பார்த்தேன். ஆர்க்கேடியா சமவெளியின் தரைக்கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு மெலிதாக ஓடுகிறது. மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அதன்மேல் ‘பனிக்கட்டி’ என்று எழுதியிருக்கிறாயே, அதை இப்போதைக்கு அழித்துவிடு.

செவ்வாயைச் சுற்றும் ஷராட் ரேடார் ஆழத்தைச் சொல்வதில்லை. அலை போய்த் திரும்பிய நேரத்தைத்தான் சொல்கிறது. இரு கோடுகளுக்கும் இடையே ஒரு மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொள். நடுவில் இருப்பது பனிக்கட்டி என்றால் தடிமன் சுமார் 85 மீட்டர். இறுகிய எரிமலைப் பாறை என்றால் ஐம்பதை ஒட்டித்தான் வரும். படம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் அந்தக் கோடு நிலத்தடியிலிருந்துதான் வருகிறதா என்று பார். பக்கத்துக் குன்றில் பட்டுத் திரும்பும் அலையும் தாமதமாக வந்து, அடியிலிருந்து வந்தது போலவே படத்தில் உட்காரும். மோலா உயரத் தரவை வைத்து அந்தப் பொய் எதிரொலிகளைக் கணக்கிட்டு, உன் படத்தோடு ஒப்பிடு. சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் ரேடார் கடந்த ஒவ்வொரு தடத்துக்கும் செய்.

அடுத்தது ஆழம். அதை ரேடாரிடமே கேட்காதே. இதே ஆர்க்கேடியாவில் அலி பிராம்சன் குழுவினர் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வைப் படி. அங்கே விண்கல் மோதிய சில பள்ளங்களின் உட்சுவரில், அடுக்கு மாறும் இடத்தில் படி விழுந்திருக்கிறது. ஹைரைஸ் கேமரா எடுத்த படங்களிலிருந்து படியின் ஆழத்தை அளந்து, ரேடார் காட்டிய நேரத்தோடு சேர்த்தார்கள். அலையின் வேகம் கிடைத்துவிட்டது. அது இறுகிய பாறைக்குப் பொருந்தவில்லை. பனிக்கட்டி மிகுந்த அடுக்குக்குப் பொருந்தியது. இடைவெளி நிறைந்த உலர்ந்த தூளும் ஏறக்குறைய அதே வேகம் காட்டும் என்பதை மறந்துவிடாதே. பல பத்து மீட்டர் தடிமனில் தன் பாரத்தாலேயே அமுங்காமல் அது நிற்குமா என்று நீயும் கேட்டாக வேண்டும்.

இதே போன்ற சந்தேகம் முன்பும் வந்தது. 2008 ஜூனில் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் தோண்டிய குழியில் வெள்ளைக் கட்டிகள் தெரிந்தன. உப்பா, பனியா? குழியை அப்படியே விட்டு மறுபடி படம் எடுத்தார்கள். நான்கு நாளில் தாயக்கட்டை அளவுத் துண்டுகள் சில காணாமல் போயிருந்தன. உப்பு அப்படி ஆவியாகாது. உப்பையும் பனியையும் பிரித்துக்காட்டும் சோதனை அது. உனக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

நாளை மனிதரை இறக்க இடம் பார்ப்பவர்கள், குடிநீருக்கும் எரிபொருளுக்கும் நாம் போடும் பனி வரைபடத்தைத்தான் நம்புவார்கள். உன் தடத்தருகே படி விழுந்த பள்ளம் உண்டா என்று தேடி எழுது. கிடைக்காவிட்டால், கட்டுரையில் இரண்டு தடிமனையும் போடு.

அன்புடன்,
அண்ணன்