தண்டுதுளைக்கும் அந்துப்பூச்சியை இனங்காணல்

கமக்காரர்களே,

வெளிவந்த நெற்கதிர் மணி பிடியாது வெளுத்து நிமிர்ந்து நிற்பதைக் கண்ட பின்னரே பலர் மருந்து தேடி வருகின்றனர். அக்கதிரைப் பிடித்திழுத்தால் எளிதிற் கழன்று வரும். அடியிற் புழு அரித்த அடையாளம் காணப்படும். வெண்கதிர் மீண்டும் விளையாது. அப்போது மருந்துக்கு இடும் பணம் வீணே. ஆதலின் புழு தண்டினுட் புகுமுன்னரே அதன் தாயாகிய அந்துப்பூச்சியை அறிதல் வேண்டும்.

தோற்றம்

மஞ்சள் தண்டுதுளைப்பானின் பெண் பூச்சி ஏறக்குறைய அரை அங்குல நீளமுடையது. முன்சிறகுகள் வைக்கோல் மஞ்சள் நிறமானவை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. வயிற்று நுனியில் மயிர்க்குஞ்சம் இருக்கும். ஆண் பூச்சி சிறியது. மங்கிய கபில நிறமும் தெளிவற்ற புள்ளிகளும் உடையது. இவை இரவில் விளக்கொளியை நாடும்.

பெண் பூச்சி இலை நுனியருகே 50 முதல் 80 வரையான முட்டைகளைக் குவியலாக இட்டுத் தன் மயிரால் மூடும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டைகள் பொரிக்கும். இளம் புழுக்கள் நூலிழையில் தொங்கிக் காற்றினால் அயற்பயிர்களை அடைந்து தண்டைத் துளைக்கும். இளம் பயிராயின் நடுக்குருத்து காயும். புதுக்கிளை வெடித்து அக்குறை ஓரளவு தீரும். கதிர்ப் பருவத்து இழப்புக்கோ ஈடில்லை.

இனம்

இது கிராம்பிடே குடும்பத்தைச் சேர்ந்தது. வாக்கர் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1863 இல் இதனை விவரித்தார். இன்றைய பெயர் சிர்ப்போபாகா இன்சேட்டுலாஸ். பழைய நூல்களில் சோனோபியஸ், திரிபோரைசா எனக் காணப்படுவதும் இதுவே.

இளஞ்சிவப்புத் தண்டுதுளைப்பான் வேறு. அது நொக்டுயிடே குடும்பத்தது. பருத்த உடலும் வைக்கோல் நிறமும் கொண்டது. சிறகின் நடுவே தனிக் கரும்புள்ளி இல்லை. முட்டைகளை மயிரால் மூடாது இலைமடலின் உட்புறத்தில் வரிசையாக இடும்.

இவ்வேறுபாட்டை அறிவதாற் பயன் யாது? மஞ்சள் இனம் பெரும்பாலும் நெல்லிலேயே வாழும். அறுவடையின் பின் அடிக்கட்டையில் ஒதுங்கும். இளஞ்சிவப்பு இனமோ குரக்கன், சோளம், கரும்பு, வரம்புப் புல் ஆகியவற்றிலும் பிழைக்கும். முன்னதற்கு அடிக்கட்டையை அழித்தல் முக்கியம். பின்னதற்கு வரம்பையும் துப்புரவு செய்தல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. அறுவடை முடிந்ததும் தாமதமின்றி உழுது அடிக்கட்டைகளை மண்ணுள் அமிழ்த்துங்கள்.
2. ஒரே வயல்வெளியில் உள்ளோர் யாவரும் ஒரே காலத்தில் விதையுங்கள்.
3. நாற்று நடுவோர் நடுமுன் இலை நுனிகளைக் கிள்ளி, முட்டைகளுடன் அப்புறப்படுத்துங்கள்.
4. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடாதீர்கள்.
5. தேவையின்றி மருந்து தெளியாதீர்கள். முட்டைகளை அழிக்கும் நுண்குளவிகள் அதனால் மடியும்.

இன்றிரவு உங்கள் வீட்டு விளக்கடியைப் பாருங்கள். புள்ளியுடைய மஞ்சட் பூச்சி அங்கிருப்பின், நாளைக் காலையே வயலுக்குச் சென்று இலை நுனிகளை ஆராயுங்கள்.